பாடலுக்குப் பிறகு: எருசலேமில் ஓர் அமெரிக்கக் குடியிருப்பின் வரலாறு

எருசலேமின் பழைய நகர மதிலுக்கு வடக்கே, தமஸ்கு வாசலிலிருந்து நாப்லுஸ் நகருக்குச் செல்லும் சாலையை அடுத்த ஷேக் ஜர்ராஹ் பகுதியில், உதுமானியர் ஆட்சிக்காலத்தில் ஹுசைனி குலத்துச் செல்வர் ஒருவர் தம் பெருங்குடும்பத்துக்காகக் கட்டிய கல் மாளிகை ஒன்று இன்று 'அமெரிக்கன் காலனி' என்னும் பெயரில் விடுதியாக இயங்குகிறது. பெயரைக் கேட்போர் இதனை ஏதோ ஓர் அரசின் குடியேற்றத்தோடு தொடர்புபடுத்திவிடக்கூடும். உண்மையில், அயல்நாட்டிலிருந்து சமய நோக்கத்தோடு வந்து சேர்ந்து குடியமர்ந்த குழுக்களை அக்காலப் பாலஸ்தீனத்தில் அவ்வாறு அழைப்பது வழக்கமாக இருந்தது. அதே நகரில் ஜெர்மானியக் கிறிஸ்தவர்களின் குடியிருப்பும் ஜெர்மன் காலனி என்றே அறியப்பட்டது. அமெரிக்கன் காலனியை 1881இல் தொடங்கியவர்கள் சிகாகோவைச் சேர்ந்த ஹொரேஷியோ ஸ்பாஃபர்டு, அவருடைய மனைவி அன்னா, அவர்களைப் பின்பற்றிய சிறு குழுவினர் ஆகியோர். கடலில் நான்கு மகள்களையும் நோயில் ஒரு மகனையும் பறிகொடுத்த அந்தத் தம்பதியின் துயரமே இக்குடியிருப்பின் கால்கோள்.

ஸ்பாஃபர்டின் பெயர் கிறிஸ்தவ உலகில் ஒரே ஒரு பாடலால் நிலைத்திருக்கிறது. 'இட் இஸ் வெல் வித் மை சோல்' என்னும் அந்த ஆங்கிலப் பாடல் பிறந்த கதையைத் தமிழ்த் திருச்சபைகளின் பிரசங்க மேடைகளிலும் அடிக்கடி கேட்கலாம்: கப்பல் மூழ்கியது, பிள்ளைகள் மாண்டனர், தந்தை அந்த இடத்தைக் கடந்தபோது நெஞ்சில் அமைதி பிறந்தது, பாடல் உருவாயிற்று. கதை அத்துடன் முடிந்துவிடுகிறது. ஆனால் அப்போது ஸ்பாஃபர்டுக்கு வயது 45, அன்னாவுக்கு 31. அதன் பின்னர் அவர் 15 ஆண்டுகளும் அவருடைய மனைவி ஏறத்தாழ 50 ஆண்டுகளும் வாழ்ந்தனர். துயரம் ஒரு மனிதரின் ஆவிக்குரிய வாழ்வை வளர்க்கிறது என்னும் கூற்றை இவர்களின் வாழ்க்கையைக்கொண்டு சோதிக்க விரும்புவோர், மேடையில் சொல்லப்படாத அந்த ஆண்டுகளையே பார்க்க வேண்டும். அங்கே காணக்கிடைப்பது நேர்கோட்டில் ஏறும் வளர்ச்சியன்று. பிடிவாதமும் தவறான நம்பிக்கைகளும் பிறருக்கு இழைத்த துன்பமும் அதில் கலந்திருக்கின்றன.

ஹொரேஷியோ ஸ்பாஃபர்டு 1828இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்து, சிகாகோவில் வழக்கறிஞராகப் பெயர்பெற்றவர். நார்வே நாட்டின் ஸ்டாவாங்கர் நகரில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட அன்னாவை 1861இல் மணந்தார். ஸ்பாஃபர்டு சார்ந்திருந்தது பிரஸ்பிட்டேரியன் சபை. அதாவது பேராயர்களின் ஆட்சி இன்றி, சபையார் தேர்ந்தெடுக்கும் மூப்பர்களின் குழுவால் நடத்தப்படும் சீர்திருத்தக் கிளை. அதில் அவரும் ஒரு மூப்பராக இருந்தார். அக்காலத்தின் புகழ்பெற்ற எழுப்புதல் பிரசங்கியாரான டுவைட் மூடி அவருக்கு நெருங்கிய நண்பர். பக்தி ஒருபுறம் இருக்க, வளர்ந்துவரும் நகரின் நிலங்களில் கடன்வாங்கி முதலீடு செய்யும் துணிச்சலும் அவரிடம் இருந்தது. 1871 அக்டோபரில் ஏற்பட்ட பெருந்தீயில் சிகாகோவின் மையப்பகுதி எரிந்து, ஏறத்தாழ 300 பேர் மாண்டு, ஒரு லட்சம் பேர் வீடிழந்தபோது, புறநகரில் இருந்த அவருடைய வீடு தப்பியது, முதலீடுகள் தப்பவில்லை. அந்தக் கடன்சுமை பிற்காலம் வரை அவரைத் தொடர்ந்து வந்ததால், இதனை வெறும் முன்கதையாகக் கொள்ள இயலாது.

1873 நவம்பரில் குடும்பம் ஐரோப்பாவுக்குப் புறப்பட இருந்த வேளையில் நிலம் தொடர்பான ஒரு வேலை குறுக்கிட்டதால் ஸ்பாஃபர்டு பின்தங்கினார். அன்னாவும் ஆன்னி, மேகி, பெஸ்ஸி, டானெட்டா என்னும் நான்கு மகள்களும் 'வில் டு ஹாவ்ர்' என்னும் பிரெஞ்சு நீராவிக் கப்பலில் நியூயார்க்கிலிருந்து கிளம்பினர். மூத்தவளுக்கு வயது 11, கடைக்குட்டிக்கு 2. நவம்பர் 22ஆம் நாள் பின்னிரவில், நடு அட்லாண்டிக்கில், 'லாக் எர்ன்' என்னும் இரும்புப் பாய்க்கப்பல் அதன் விலாவில் மோதியது. பன்னிரண்டே நிமிடங்களில் பிரெஞ்சுக் கப்பல் மூழ்கியது. 226 பேர் மாண்டனர். மிதந்த பலகையொன்றின்மேல் நினைவிழந்து கிடந்த அன்னா மீட்கப்பட்டார். உயிர்தப்பியோரை வேறொரு கப்பல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் துறைமுகத்தில் சேர்த்தபோது, தாம் மட்டுமே பிழைத்திருப்பதாக அன்னா கணவருக்குத் தந்தி அனுப்பினார். அந்தத் தந்தித்தாளைக் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்து வந்தனர்.

மனைவியை அழைத்துவரக் கடல்கடந்த ஸ்பாஃபர்டுக்கு, விபத்து நடந்த நீர்ப்பரப்பைக் கடக்கும்போது கப்பல் தலைவர் அதைச் சுட்டிக்காட்டினார் என்றும், அன்றிரவே பாடல் எழுதப்பட்டது என்றும் பிற்காலத்தில் பிறந்த மகள் பெர்த்தா தம் நினைவுநூலில் கூறுகிறார். மூடியின் துணைப் பாடகரான ஐரா சாங்கி கூறுவது வேறு: 1876இல் தாமும் மூடியும் சிகாகோவில் ஸ்பாஃபர்டு இல்லத்தில் சில வாரங்கள் விருந்தினராகத் தங்கியிருந்தபோதுதான் பாடல் எழுதப்பட்டது என்கிறார் அவர். எஞ்சியிருக்கும் கையெழுத்துப்படி சிகாகோ விடுதி ஒன்றின் கடிதத்தாளில் இருப்பதும், ஃபிலிப் பிளிஸ் அதற்கு இசையமைத்து வெளியிட்டது 1876ஆம் ஆண்டிலேயே என்பதும் சாங்கியின் கூற்றுக்கு வலுச்சேர்க்கின்றன. பிளிஸ் தம் மெட்டுக்கு மூழ்கிய கப்பலின் பெயரையே சூட்டினார். அதே ஆண்டின் டிசம்பர் இறுதியில், ஒஹாயோ மாநிலத்தின் ஆஷ்டபுலாவில் பாலம் உடைந்து ரயில் கவிழ்ந்த விபத்தில் அவரும் மனைவியும் மாண்டனர்.

இந்தக் கால வேறுபாடு பக்தர்களுக்கு அற்பமாகத் தோன்றலாம். வரலாற்றுக்கு அது முக்கியமானது. கடலின் நடுவே ஒரே இரவில் பிறந்த பாடலாயின், அந்த அமைதி மேலிருந்து திடீரென இறங்கிய வரம். மூன்றாண்டுகள் கழித்து, வீட்டில் ஒரு மகன் பிறந்திருந்த நாள்களில், நண்பர்களுக்கு நடுவே எழுதப்பட்டதாயின், அது நெடுநாள் உள்ளப் போராட்டத்தின் முடிவில் ஒருவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட உறுதிமொழி. இரண்டாவதே நம்பத்தக்கது என்பதோடு, பாடலின் பெருமை அதனால் குறைவதும் இல்லை. முதல் கதை துக்கத்தில் இருப்போரிடம் அவர்களால் இயலாத வேகத்தைக் கேட்கிறது.

1875இல் பிறந்த அந்த மகனுக்குத் தந்தையின் பெயரே இடப்பட்டது. 1878இல் பெர்த்தா பிறந்தாள். 1880 பிப்ரவரியில் ஸ்கார்லெட் காய்ச்சல் என்னும் தொற்றுநோய் வீட்டுக்குள் நுழைந்தபோது பெர்த்தா பிழைத்தாள். நான்கு வயதுச் சிறுவன் இறந்தான். ஸ்பாஃபர்டு தம்பதியின் சமய வாழ்வில் உண்மையான திருப்பம் கப்பலால் வரவில்லை, இந்த மரணத்தால் வந்தது எனலாம். சீர்திருத்தவாதி கால்வினின் வழிவந்த அமெரிக்கச் சபைகளில், பெருந்துன்பம் கடவுளின் சிட்சை, அதாவது தந்தை பிள்ளையைத் திருத்துவதுபோல் அவர் அளிக்கும் தண்டனை, என்னும் எண்ணம் ஆழமாக வேரூன்றியிருந்தது. ஐந்து பிள்ளைகளை இழந்த குடும்பம் அப்படி என்ன பாவம் செய்தது என்னும் முணுமுணுப்பு அவர்களின் சொந்தச் சபையிலேயே எழுந்தது. வேதாகமத்தில், பிள்ளைகளை இழந்து வாடிய யோபுவிடம் அவருடைய நண்பர்கள் கேட்ட அதே கேள்விதான். யோபு ஆகமத்தை ஆண்டுதோறும் வாசிக்கும் சபைகள் அதைத் திரும்பவும் கேட்டுக்கொண்டிருப்பது சமய வரலாற்றின் ஆறாத வடு.

ஸ்பாஃபர்டின் மறுமொழி சபையின் கோட்பாட்டோடு நேரடியாக மோதியது. பிள்ளைகளைக் கொன்று பெற்றோரைத் தண்டிக்கும் கடவுளை அவரால் ஏற்க முடியவில்லை. நரகம் நித்தியமானது என்பதையும் அவர் மறுத்தார்; எல்லா ஆத்துமாக்களும் முடிவில் கடவுளின் அன்பினால் மீட்கப்படும் என்னும் கொள்கையின் பக்கம் சாய்ந்தார். அனைத்து மீட்பு எனப்படும் இக்கொள்கை திருச்சபையின் தொடக்க நூற்றாண்டுகளில் ஓரிகன் போன்ற இறையியலாளர்களிடம் காணப்பட்டு, பின்னர் திருப்புரட்டு என ஒதுக்கப்பட்டது. பிரஸ்பிட்டேரியன் சபையில் ஒரு மூப்பர் இவ்வாறு போதிப்பதற்கு இடமில்லை. சபையிலிருந்து அவர் விலக நேர்ந்தது. அவரோடு சிலர் வெளியேறி, அவருடைய வீட்டிலேயே கூடி வழிபடலாயினர். தங்களுக்குத் தனியாக அருள்வாக்குகள் கிடைப்பதாக நம்பிய அவர்களைச் சிகாகோ நாளிதழ்கள் 'ஜெயங்கொள்வோர்' எனப் பொருள்படும் பெயரால் கேலி செய்தன.

கிறிஸ்துவின் இரண்டாம் வருகை நெருங்கிவிட்டது என்பதும், அது ஒலிவ மலையில் நிகழும் என்பதும் அந்த நூற்றாண்டில் பரவலான எதிர்பார்ப்பு. 1881 ஆகஸ்டில், பதின்மூன்று பெரியவர்களும் மூன்று குழந்தைகளும் கொண்ட குழு எருசலேமுக்குக் கிளம்பியது. குழந்தைகளில் ஒருத்தி மூன்று வயது பெர்த்தா, இன்னொருத்தி அவ்வாண்டின் தொடக்கத்தில் பிறந்த தங்கை கிரேஸ். ஆறுதலைத் தேடிச் சென்ற யாத்திரை என்று குடும்பத்தார் எழுதிய வரலாறு கூறுகிறது. தீர்க்கப்படாத கடன்களையும், தம் பொறுப்பில் விடப்பட்ட பிறர் பணத்தைக் கையாண்டார் என்னும் குற்றச்சாட்டையும் பின்னால் விட்டுவிட்டே ஸ்பாஃபர்டு கப்பலேறினார் என்று பிற்கால ஆய்வாளர்கள் சுட்டுகின்றனர். இரண்டுமே உண்மையாக இருக்கக்கூடும். துயரத்தால் தூய்மையடைந்தவர் கணக்கு வழக்கிலும் தூய்மையானவராக இருந்தே தீர வேண்டும் என்னும் கட்டாயம் மனித இயல்பில் இல்லை.

அவர்கள் முதலில் குடியேறிய வீடு பழைய நகருக்குள், தமஸ்கு வாசலுக்கும் ஏரோது வாசலுக்கும் இடைப்பட்ட மேட்டில், மதிலை ஒட்டி இருந்தது. சொத்து பொது, உணவு பொது. அப்போஸ்தலர் காலத்துச் சபையைப்போல் வாழ்வதே நோக்கம். ஊழியத்துக்கு ஊதியம் வாங்கக் கூடாது என்பதால் தொடக்க ஆண்டுகளில் நன்கொடையும் கடனுமே வருவாய். மற்ற மேற்கத்தியக் குழுக்களிலிருந்து இவர்களை வேறுபடுத்திய தன்மை ஒன்று உண்டு: யாரையும் மதம் மாற்ற இவர்கள் முயலவில்லை. எல்லாரும் இறுதியில் மீட்கப்படுவர் என்று நம்புவோருக்கு அண்டை வீட்டு முஸ்லிமையும் யூதரையும் அவசரமாக மாற்ற வேண்டிய தேவை எழுவதில்லை. பிள்ளைகளின் மரணத்திலிருந்து பிறந்த ஒரு கோட்பாடு இப்படி எருசலேமின் தெருக்களில் அன்றாட நடத்தையாக மாறியது. நோயுற்றோரைப் பார்த்தல், பாடம் சொல்லித்தருதல், வந்தவர்க்கு உணவளித்தல் என்று இருந்த இவர்களிடம் உள்ளூர் மக்கள் நெருங்கினர். மதமாற்றத்துக்காக வந்திருந்த மிஷனரிகளுக்கோ இவர்கள் மேல் ஐயமும் எரிச்சலும்.

1882இல் ஏமனிலிருந்து நடந்தும் கப்பலேறியும் வந்து சேர்ந்த யூதர்கள், நகரில் ஏற்கெனவே இருந்த யூதச் சமூகத்தின் முழு ஆதரவும் கிடைக்காமல் வெட்டவெளியில் தங்கியிருந்தனர். அவர்கள் இஸ்ரவேலின் காணாமற்போன காத் கோத்திரத்தார் என்று முடிவுகட்டிய ஸ்பாஃபர்டு குழு அவர்களுக்கு உணவும் உறைவிடமும் கொடுத்தது. கோத்திரம் பற்றிய கணிப்புக்கு ஆதாரம் இல்லை. கொடுத்த உணவு மெய்யானது. காலனியின் வரலாறு நெடுகிலும் இந்த இரட்டைத்தன்மை திரும்பத் திரும்ப வருகிறது. அவர்களின் வேத விளக்கங்கள் பெரும்பாலும் பொய்த்தன, அந்த விளக்கங்களின் பேரில் செய்த பணிகள் நின்றன. குடும்பம் தத்தெடுத்து வளர்த்த ஜேக்கப் எலியாகு என்னும் இளைஞனையும் இங்கே குறிப்பிடலாம்: எசேக்கியா அரசன் காலத்துச் சுரங்க நீர்வழியில் 1880இல் சீலோவாம் கல்வெட்டைத் தற்செயலாகக் கண்டுபிடித்த பள்ளிச் சிறுவன் அவனே.

ஹொரேஷியோ 1888இல் மலேரியாக் காய்ச்சலால் இறந்தார். இதன் பிறகு காலனி அன்னாவின் ஆளுகைக்குள் வந்தது. மேடைக் கதைகளில் பிள்ளைகளை இழந்த தாயாக மட்டுமே தோன்றும் அன்னா, எருசலேமில் ஒரு சமயக் குழுவின் கேள்விகேட்பாரற்ற தலைவியானார். கடவுள் தம் வாயிலாகப் பேசுவதாக அவர் நம்பினார், குழுவினரும் நம்பினர். காலைக் கூட்டங்களில் குற்றங்களை எல்லார் முன்னிலையிலும் அறிக்கையிட வேண்டும். திருமணம் தடைசெய்யப்பட்டது, ஏற்கெனவே மணமானவர்களும் கணவன் மனைவியாக வாழாமல் பிரிந்திருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. வருகை சமீபித்திருக்கும்போது குடும்பம் எதற்கு என்பது இதற்குச் சொல்லப்பட்ட காரணம். குழந்தைகளை இழந்த ஒரு பெண், குழந்தை பிறப்பதற்கே இடமில்லாத ஒரு வீட்டை அமைத்தார் என்பதில் உள்ள கசப்பை வரலாற்றாசிரியர் எவரும் கவனிக்காமல் போக முடியாது. அது ஆறாத துயரத்தின் வெளிப்பாடா, அதிகாரத்தின் சுவையா என்று பிரித்துச் சொல்வதற்கு அன்னாவின் உள்ளம் எந்த ஆவணத்திலும் திறந்துகிடக்கவில்லை. அவ்விதியால் மணமிழந்த இளையோரின் வருத்தம் மட்டும் அவர்கள் விட்டுச்சென்ற எழுத்துகளில் இருக்கிறது.

அமெரிக்காவின் எருசலேம் தூதரகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய செலா மெரில் இக்குழுவுக்கு வெளிப்படையான எதிரி. அவரும் ஒரு போதகர், தொல்லியல் ஆய்வாளரும்கூட. காலனியினரை ஏமாற்றுக்காரர் என்றும் ஒழுக்கக்கேடர் என்றும் அவர் வாஷிங்டனுக்கு எழுதிய குற்றச்சாட்டுகளில் பல மிகையானவை. எனினும் குழுவில் சேர்ந்தவர்களின் பணமும் பிள்ளைகளும் தலைமையின் பிடிக்குள் போய்விடுகின்றன என்னும் உறவினர்களின் புகாரை முற்றிலும் தள்ளிவிட முடியாது. குழுவில் வளர்ந்த பிள்ளைகளின் பாதுகாப்புரிமை கோரி எழுந்த வழக்கொன்று சிகாகோ நீதிமன்றம் வரை சென்றது.

அந்த வழக்கையொட்டிச் சிகாகோவுக்குச் சென்றிருந்தபோதுதான் அன்னா, ஓலோஃப் ஹென்ரிக் லார்சன் என்பவரின் தலைமையில் இருந்த சுவீடன் நாட்டுக் குடியேறிகளின் சபையைச் சந்தித்தார். அவர்கள் 1896இல் எருசலேமுக்குப் புறப்பட்டனர். லார்சனின் கடிதங்களால் தூண்டப்பட்டு, சுவீடனின் டாலர்னா மாவட்டத்து நோஸ் என்னும் சிற்றூரிலிருந்தும் ஏறத்தாழ 40 பேர் பரம்பரை நிலங்களை விற்றுவிட்டு வந்து சேர்ந்தனர். உழவும் தச்சும் நெசவும் அறிந்த இந்த வடநாட்டு விவசாயிகள்தாம் காலனியைக் கடனிலிருந்து மீட்டவர்கள். இடம் போதாமல் குழு மதிலுக்கு வெளியே ஷேக் ஜர்ராஹ் மாளிகைக்கு மாறியது. பால்பண்ணை, ரொட்டிச்சூளை, தறி, யாஃபா வாசலருகே கடை என்று தொழில்கள் பெருகின. ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் 1898இல் எருசலேமுக்கு வந்தபோது தொடங்கிய புகைப்படப் பிரிவு, பின்னாளில் அந்நாட்டின் காட்சி வரலாற்றுக்கே முதன்மை ஆதாரமாயிற்று. அதன் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட படச்சுருள்களும் கண்ணாடித் தகடுகளும் இன்று வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளன. நோஸ் ஊரார் புறப்பட்ட நிகழ்ச்சியால் ஈர்க்கப்பட்ட எழுத்தாளர் செல்மா லாகர்லாஃப் 1900இல் காலனிக்கு நேரில் வந்து பார்த்து, 'ஜெருசலேம்' என்னும் இருபாக நாவலை எழுதினார். 1909இல் இலக்கிய நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவரே. நாவலின் புகழ் ஒருபுறம். நிலத்தை விற்று வந்த அந்தக் குடும்பங்களில் பலர், வந்த சில ஆண்டுகளிலேயே காய்ச்சலால் பிள்ளைகளையும் பெற்றோரையும் அங்கே அடக்கம் செய்தனர். அவர்களின் துக்கத்தைப் பற்றி எந்தப் பாடலும் பிறக்கவில்லை.

திருமணத் தடை ஒருவழியாகத் தளர்ந்தது. 1904இல் பெர்த்தா, எருசலேமில் வளர்ந்த ஜெர்மானிய மிஷனரிக் குடும்பத்து இளைஞரான ஃபிரெடெரிக் வெஸ்டரை மணந்தார். தலைவியின் மகள் மணக்கும்போது விதி தளர்கிறது என்று மற்றவர்கள் முணுமுணுத்திருந்தால் அதில் வியப்பில்லை.

காலனியின் மதிப்பை நகரத்தின் கண்களில் உயர்த்தியது முதல் உலகப்போர். 1915ஆம் ஆண்டின் மார்ச் மாதத்தில் பாலஸ்தீனத்தின்மேல் இறங்கிய வெட்டுக்கிளிக் கூட்டம் மாதக்கணக்கில் தங்கிப் பயிரையும் மரப்பட்டையையும் தின்று தீர்த்தது. காலனியின் புகைப்படக்காரர்கள் முட்டை பொரிப்பது முதல் மொட்டையான அத்திமரம் வரை ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்தனர். உதுமானியப் படைக்கு ஆண்கள் பிடித்துச் செல்லப்பட்டனர். கடல்வழி அடைபட்டது. பஞ்சமும் டைஃபஸ் காய்ச்சலும் சேர்ந்து வந்தன. காலனியினர் பொதுக் கஞ்சித்தொட்டி திறந்து, அமெரிக்காவிலிருந்து வந்த நன்கொடையைக்கொண்டு நாள்தோறும் ஆயிரக்கணக்கானோருக்கு உணவளித்தனர். வரிசையில் நின்றோரிடம் சமயம் கேட்கப்படவில்லை. 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியதும் நன்கொடை வரும் வழி நெருக்கடிக்குள்ளானது. அந்த நிலையிலும், காயமடைந்த துருக்கிய வீரர்களுக்கான மருத்துவமனைகளில் பணிபுரிய அன்னாவும் பெர்த்தாவும் முன்வந்தனர். முதிய வயதில், தொற்றுநோய் நிறைந்த கூடங்களில், தம் நாட்டோடு பகைகொண்ட அணியின் படைவீரர்களுக்காக உழைத்த அந்த அன்னாவிடம், பொது அறிக்கையிடலையும் மணத்தடையையும் விதித்த பழைய தலைவியை அடையாளம் காண்பது கடினம். இரண்டும் ஒரே பெண்தான் என்பதை ஒப்புக்கொள்ளும் வரலாறே நேர்மையானது.

1917 டிசம்பர் 9 அன்று துருக்கியப் படை விலகியபின், எருசலேம் மேயர் ஹுசைன் சலீம் அல்-ஹுசைனி நகரைப் பிரிட்டிஷ் படையிடம் ஒப்படைக்கச் சென்றார். அவருடைய குழு உயர்த்திப் பிடித்த வெள்ளைக்கொடி காலனியினர் பணிபுரிந்த மருத்துவமனையின் படுக்கை விரிப்பு. அக்காட்சியைப் படமெடுத்தவர் நோஸ் ஊரிலிருந்து சிறுவனாக வந்த லூயிஸ் லார்சன். அந்த விரிப்பின் பகுதி லண்டனில் உள்ள பிரிட்டிஷ் போர் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

அன்னா 1923இல் மறைந்தார். இரண்டாண்டுகள் கழித்து, 1925ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள், பெத்லகேமுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த பெர்த்தாவின் எதிரே, கழுதையின்மேல் நோயுற்ற மனைவியையும் துணியில் சுற்றிய பச்சிளங்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு ஓர் அரபு விவசாயி வந்தார். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அந்தத் தாய் அன்றிரவே இறந்தாள்; குகையில் வாழும் தம்மால் குழந்தையைக் காப்பாற்ற இயலாது என்று தந்தை மன்றாடினார். குழந்தைக்கு நோயல் என்று பெயரிட்டுப் பெர்த்தா எடுத்து வளர்த்தார். தாயற்ற வேறு சில குழந்தைகளும் வந்தபோது, மதிலை ஒட்டிய அந்த முதல் வீடு அன்னா ஸ்பாஃபர்டின் பெயரால் குழந்தைகள் இல்லமாயிற்று. பின்னர் குழந்தைகள் மருத்துவமனையாக வளர்ந்தது. சிட்சை, இரண்டாம் வருகை, காணாமற்போன கோத்திரம் ஆகிய எதுவும் இந்தப் பணிக்குத் தேவைப்படவில்லை. ஐம்பதாண்டுகளாக ஒரு குடும்பம் தன் இறந்த குழந்தைகளைச் சுற்றிக் கட்டிய கோட்பாடுகளெல்லாம் உதிர்ந்தபின் எஞ்சியது பிறருடைய குழந்தையைச் சாகாமல் காப்பது. ஆவிக்குரிய வளர்ச்சி என்னும் சொல்லுக்கு இவ்வரலாற்றில் இடம் உண்டென்றால், அது பாடலை விட இந்த இல்லத்துக்கே பொருந்தும்.

குழுவின் பொதுவாழ்வு அதன் தலைவிக்குப் பின் நெடுநாள் நிலைக்கவில்லை. உழைப்பைக் கொடுத்த சுவீடன் குடும்பங்கள் சொத்தில் பங்கும் கணக்கும் கேட்டன. பூசல் முற்றி, 1930களில் சமயக் குழுவாக இருந்த காலனி கலைந்தது. மாளிகை மட்டும் வெஸ்டர் குடும்பத்தின் கையில் விடுதியாகத் தொடர்ந்தது. யாஃபாவில் விடுதி நடத்திய உஸ்தினோவ் என்னும் ரஷ்யப் பிரபு, நடிகர் பீட்டர் உஸ்தினோவின் பாட்டனார், தம் விருந்தினரை எருசலேமில் தங்கவைக்க 1902இல் இதை நாடியதே அதன் தொடக்கம். பெர்த்தா 1950இல் தம் நினைவுநூலை வெளியிட்டார். அதில் தாயின் கடுமைகள் ஏறக்குறைய இல்லை, சுவீடன் குடும்பங்களின் மனக்குறைகளும் இல்லை. பிரசங்க மேடைகளில் வழங்கும் கதை பெரிதும் அந்நூலைச் சார்ந்தே வளர்ந்தது.

1948, 1967 ஆகிய இரு போர்களின்போதும் ஷேக் ஜர்ராஹ் பகுதி போர்முனையாக இருந்தது. குண்டுகளுக்கு நடுவேயும் காலனியின் மருத்துவப் பணி நடந்தது. பெர்த்தா 1968இல், தொண்ணூறு வயதில் இறந்தார். அவர் தொடங்கிய மருத்துவமனை பிற்காலத்தில் ஸ்பாஃபர்டு குழந்தைகள் மையம் என்று பெயர்மாறி, 1881இல் சிகாகோவிலிருந்து வந்த குழு முதலில் குடியேறிய அதே பழைய நகர வீட்டில், கிழக்கு எருசலேமின் பாலஸ்தீனக் குழந்தைகளுக்கும் தாய்மாருக்கும் உதவும் அமைப்பாக நடந்துவருகிறது.